பாரிட் சூலோங் ஆற்றங்கரையில்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் பேச்சு எல்லார் வீட்டிலும் எழும். கோயில் திருவிழா இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் கடற்கரை, அதுவும் தூரமென்றால் பட்டணத்துப் பேரங்காடி. நாங்கள் சென்ற விடுமுறையில் வேறு வழியாகப் போனோம். ஜொகூர் மாநிலத்தில் மூவாருக்கும் யோங் பெங்கிற்கும் இடையே பாரிட் சூலோங் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஆற்றோரத்தில், பாலத்துக்கு அருகில், இரண்டாம் உலகப் போரின் நினைவுச் சின்னம் ஒன்று அமைந்திருக்கிறது. அதைக் கண்டு வந்த கதையையும், அங்கே நின்றபோது எங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

குளுவாங் பக்கத்திலிருந்து ஒரு வேனில் பதினொரு பேர் புறப்பட்டோம். பிள்ளைகள் ஐவர். பெரியவர்களில் மூத்தவர் எங்கள் பெரியத்தை. ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்த 1941-ஆம் ஆண்டில், தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பால்மரம் நின்ற இடத்தில் தெருவிளக்கு நிற்கிறது. 'நினைவுச் சின்னம் பார்க்க நான் எதுக்குடா, கால் வலிக்குது' என்றுதான் அத்தை முதலில் சொன்னார். மூவாரில் ஓத்தா ஓத்தா வாங்கித் தருவதாகப் பிள்ளைகள் ஆசை காட்டியபின் வண்டியில் ஏறினார்.

போகும்போது பாரிட் சூலோங்கில் நிற்காமல் நேரே மூவாருக்குச் சென்றோம். ஆறு கடலோடு கலக்குமிடத்தில் தஞ்சோங் எமாஸ் என்னும் பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. காற்று வாங்கவும் பிள்ளைகள் ஓடி விளையாடவும் ஏற்ற இடம். பாய் விரித்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை அங்கே சாப்பிட்டோம். மீனை அரைத்து மசாலாவில் குழைத்து, ஓலையில் மடித்து, தணலில் சுட்ட ஓத்தா ஓத்தாவை அத்தை நான்கு தின்றார். எதிரே அகலமாய், பழுப்பு நிறமாய் மூவார் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

நம்முடைய வரலாறு அந்த ஆற்றில்தான் தொடங்குகிறது.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, ஐந்தே வாரத்தில் கோலாலம்பூரைக் கைப்பற்றி ஜொகூர் எல்லைக்கு வந்துவிட்டது. பெருஞ்சாலையும் இரயில் பாதையும் கிம்மாஸ், சிகாமட் வழியாகத் தெற்கே இறங்குகின்றன. பிரிட்டிஷ் தரப்பின் பெரும்பகுதிப் படை அங்கேதான் நின்றது. மேற்குக் கரையில் மூவார் ஆற்றைக் காக்க நிறுத்தப்பட்டது இந்திய இராணுவத்தின் 45-ஆவது பிரிகேட். இராஜபுதானா ரைபிள்ஸ், கார்வால் ரைபிள்ஸ், ஜாட் என மூன்று பட்டாளங்கள் அதில் இருந்தன. மத்திய கிழக்குப் பாலைவனத்தில் போரிடவென்று ஆயத்தமான படை அது. 1942 ஜனவரி தொடக்கத்தில்தான் கப்பலிலிருந்து இறங்கியது. சிப்பாய்களில் பலர் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ரப்பர்க் காட்டையும் சதுப்பு நிலத்தையும் அவர்கள் அதற்குமுன் கண்டதே இல்லை. பத்து மைல் காவலுக்கே அந்தப் படை போதாது என்றிருக்க, அதைவிட நீண்ட ஆற்றங்கரையை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் பின்னால் எழுதிய நூல்களில் சிப்பாய்களின் அனுபவக் குறைவைக் குறை சொன்னார்கள். அனுப்பியவர்களின் அனுபவத்தைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

ஜனவரி 15-ஆம் நாள் இரவு ஜப்பானின் காவற்படைப் பிரிவு மூவார் ஆற்றைக் கடந்தது. மூவார் வீழ்ந்தது. அங்கிருந்து பக்ரி, பாரிட் சூலோங் வழியாக யோங் பெங் வரை செல்லும் சாலை ஜப்பானியர் கையில் சிக்கினால், சிகாமட்டில் இருக்கும் முழுப் படையும் பொறிக்குள் அகப்பட்ட எலியாகிவிடும். ஆகவே ஆஸ்திரேலியப் பட்டாளங்கள் இரண்டை உதவிக்கு அனுப்பினார்கள். 18-ஆம் நாள் காலை பக்ரி சாலையில், ஆஸ்திரேலியரின் இரண்டு பீரங்கிகள் வரிசையாக வந்த ஜப்பானிய டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக நொறுக்கின. ஆனால் அதற்குள் எதிரி பக்கவாட்டில் புகுந்து பின்புறச் சாலையை அடைத்துவிட்டான்.

நாங்கள் பிற்பகலில் திரும்பியதும் அதே சாலையில், அதே திசையில்தான். இன்று அது 24-ஆம் எண் கூட்டரசுச் சாலை. இருபுறமும் செம்பனை, இடையிடையே கம்பங்கள், சாலையோரம் நேர்க்கோடாய் வாய்க்கால்கள். மலாய் மொழியில் 'பாரிட்' என்றால் வெட்டப்பட்ட வாய்க்கால். பாரிட் ஜாவா, பாரிட் ராஜா என்று ஜொகூரின் மேற்குக் கரையெங்கும் இப்பெயர் வருவதற்குக் காரணம், இந்தச் சதுப்பு நிலமெல்லாம் வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகே குடியிருக்கத் தகுந்ததாயிற்று என்பதுதான். சாலையை விட்டு இறங்கினால் முழங்கால் அளவு சேறு என்றால், காயம்பட்டவர்களை ஏற்றிய லாரிகள் சாலையை விட்டு விலக முடியாது என்று பொருள். 1942-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று தெரிந்தால் போதும்.

பக்ரியில் பிரிகேடின் தலைமையகத்தின்மேல் குண்டு விழுந்து அதிகாரிகளில் பெரும்பாலோர் மாண்டனர். தலைவரான பிரிகேடியர் டங்கன் மறுநாள் சண்டையில் இறந்தார். எஞ்சிய இந்தியரையும் ஆஸ்திரேலியரையும் சேர்த்து நடத்தும் பொறுப்பு, சார்ல்ஸ் ஆண்டர்சன் என்னும் ஆஸ்திரேலியப் பட்டாளத் தலைவருக்கு வந்தது. காயமுற்றவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த தடைகளை ஒவ்வொன்றாகச் சண்டையிட்டு நீக்கி, 21-ஆம் நாள் காலை அவர்கள் பாரிட் சூலோங்கை அடைந்தனர். பாலத்தில் ஜப்பானியர் இருந்தனர்.

பாலத்தைக் கடந்துவிட்டால் யோங் பெங் போய்விடலாம். கடக்க முடியவில்லை. மிக மோசமாகக் காயம்பட்டவர்களையாவது லாரியில் போக விடும்படி கேட்டு ஆளனுப்பினார்கள். எல்லாரும் சரணடைந்தால்தான் என்று பதில் வந்தது. அந்த லாரிகளையே தடையாகப் பாலத்தின்மேல் நிறுத்திவைக்கச் சொன்னார்கள் ஜப்பானியர். இரவில், காயமுற்றிருந்த ஓர் இளம் அதிகாரியும் ஓட்டுநரும் சத்தமில்லாமல் பிரேக்கை விடுவித்து, பாலத்தின் சரிவில் லாரிகளைப் பின்னோக்கி உருளவிட்டுத் தம்மவரிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுநாள் காலை இரண்டு விமானங்கள் வந்து உணவும் வலி குறைக்கும் மருந்தும் போட்டுச் சென்றன. அதற்குமேல் உதவி எதுவும் வரவில்லை. நடக்க முடிந்தவர்கள் காட்டுக்குள் பிரிந்து சென்று யோங் பெங்கை அடைய முயலலாம் என்று ஆண்டர்சன் கட்டளையிட்டார். சுமார் 500 ஆஸ்திரேலியரும் 400 இந்தியரும் அப்படித் தப்பிச் சேர்ந்தனர். அதற்குள் சிகாமட் படையும் பொறியிலிருந்து வெளியேறிவிட்டது.

நடக்க முடியாதவர்கள் பாலத்தருகே விடப்பட்டார்கள். ஏறத்தாழ 110 ஆஸ்திரேலியர், 40 இந்தியர். ஜனவரி 22-ஆம் நாள் அவர்களை ஜப்பானியர் சுட்டுக் கொன்று, உடல்களை எரித்தனர். இறந்தவர்போல் கிடந்து தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. கால்கள் இரண்டிலும் காயத்தோடு ஊர்ந்து தப்பி, பின்னர் பிடிபட்ட பென் ஹாக்னி என்னும் அதிகாரி உயிரோடு திரும்பிச் சாட்சி சொன்னார். காவற்படைப் பிரிவின் தலைவராயிருந்த நிஷிமுரா, விசாரணைக்குப் பின் 1951-இல் தூக்கிலிடப்பட்டார்.

நினைவுச் சின்னத்தின் கதை இதுதான். அதை அமைத்தது ஆஸ்திரேலிய அரசாங்கம். 1942-இல் இருந்த பாலம் இன்று இல்லை. புதிய பாலம் அதே சிம்பாங் கிரி ஆற்றைக் கடக்கிறது. நாங்கள் போன மாலையில் ஆற்றில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பிள்ளைகள் சற்று நேரம் அமைதியாக நின்றார்கள். பிறகு பந்தை எடுத்துக்கொண்டார்கள். சாவு நடந்த இடத்தில் பந்து விளையாடலாமா என்று எங்களில் ஒருவர் தயங்கினார். எங்களுக்கு அது தவறாகப் படவில்லை. நம் தோட்டங்களில் சுடுகாட்டுக்கு எதிரேதான் பந்து திடல் இருந்தது. கல்லின்மேல் ஏறாமல், பூவை மிதிக்காமல் இருந்தால் போதும் என்று மட்டும் சொல்லிவைத்தோம்.

அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரிந்தவர். அங்கே தமிழ் இல்லை. கடைசியில் கேட்டார்: 'செத்தவங்கள்ல இந்தியாக்காரங்களும் உண்டுன்னியே. சயாமுக்குப் போன நம்ம ஆளுங்களுக்கு எங்க வெச்சிருக்காங்க?'

அத்தையின் தந்தை 1943-இல் சயாமுக்குப் போனவர். திரும்பவில்லை.

இந்தக் கேள்விக்கு அங்கேயே எங்களால் விடை சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல முடியாததை இன்று சொல்லிப் பார்க்கிறோம்.

பாரிட் சூலோங் நடந்து மூன்றே வாரத்தில், 1942 பிப்ரவரி 15-இல், சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் பர்மாவுக்குள்ளும் சென்றார்கள். அங்கிருக்கும் படைக்கு உணவும் வெடிமருந்தும் கப்பலில்தான் போகவேண்டும். அந்த ஆண்டின் நடுவில் மிட்வே கடற்போரில் ஜப்பான் பெரும் தோல்வி கண்டது. மலாக்கா நீரிணை வழியாகப் போகும் கப்பல்களுக்கு நீர்மூழ்கிகளின் அச்சம் இருந்தது. எனவே தரைவழி தேடினார்கள். சயாமின் பான் போங்கிற்கு அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை, மலையும் காடும் நிறைந்த 415 கிலோமீட்டருக்கு இரயில் பாதை போடத் திட்டமிட்டார்கள். போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் போதவில்லை. நம்மவர் பக்கம் பார்வை திரும்பியது.

ஏன் நம்மவர்? தோட்டங்கள் நின்றுபோயிருந்தன. ரப்பரை வாங்கிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானின் எதிரிகள். வெட்டிய பாலுக்கு விலை இல்லை. துரைமார் ஓடிவிட்டார்கள், அல்லது சிறையில் இருந்தார்கள். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று, கோணியை உடுத்திய காலம் அது. நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வேலையில்லாமல், பசியோடு, ஒரே இடத்தில், கிராணியின் புத்தகத்தில் பெயரோடு இருந்த கூட்டம் தோட்டத் தொழிலாளர்தான். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை, அரிசி உண்டு, குடும்பத்தோடும் வரலாம் என்றார்கள். சிலர் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்பது தெரிந்தபின் யாரும் பெயர் கொடுக்கவில்லை. பிறகு ஆள்பிடிப்புத் தொடங்கியது. பிரட்டுக்களத்தில் நின்றவர்களை லாரியில் ஏற்றினார்கள். கள்ளுக்கடையிலும் படக்கொட்டகையிலும் வளைத்தார்கள். இதிலிருந்து தப்புவதற்கென்றே இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த இளைஞர்களும் உண்டு. நாட்டுப்பற்றால் சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பிடிக்கப்பட்டவர்கள் இரயில் ஏறி, கிம்மாஸைக் கடந்து வடக்கே போனார்கள். மூடிய சரக்குப் பெட்டிகள், உட்கார இடமில்லை. நான்கைந்து நாள் பயணத்துக்குப் பின் பான் போங்கில் இறக்கி, காட்டுக்குள் நடத்தினார்கள். அங்கே போடப்பட்ட தண்டவாளத்தில் ஒரு பங்கும் மலாயாவிலிருந்து போனதே. தம்பின்–மலாக்கா கிளைப்பாதையையும் கிழக்குக்கரைப் பாதையின் சில பகுதிகளையும் பெயர்த்துக் கொண்டு போனார்கள். மலாக்காக் கிளைப்பாதை அதன்பின் போடப்படவே இல்லை. நம் ஆட்களையும் நம் தண்டவாளத்தையும் ஒரே காட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

1943-இல் மழையோடு காலரா வந்தது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் காற்புண்ணும் ஏற்கெனவே இருந்தன. இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்கவேண்டும். போர்க் கைதிகளும் பட்டினி கிடந்தார்கள், அடிபட்டார்கள். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அவர்களோடு அவர்களின் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கவேண்டும் என்று கட்டளையிட ஒருவர் இருந்தார். நம்மவரோடு அப்படி யாரும் இல்லை. கணவன், மனைவி, கைக்குழந்தை என்று போனவர்கள் ஆற்றுநீரை அள்ளிக் குடித்தார்கள். தொழிலாளர் முகாம்களில் சாவு அளவு கடந்தபின்தான், சிங்கப்பூர்ச் சாங்கி முகாமிலிருந்து கைதி மருத்துவர்களும் உதவியாளர்களும் அடங்கிய இரண்டு சிறு குழுக்களை ஜப்பானியர் அனுப்பினார்கள். நம்மவர் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர்களில் அவர்களும் அடங்குவர்.

1943 அக்டோபரில் பாதையின் இரு முனைகளும் சந்தித்தன. ஆசியத் தொழிலாளர்கள் பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர், தமிழர் என இரண்டு இலட்சம் பேர் வரை இருந்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000-க்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பகுதி தோட்டத் தமிழர். பாதிக்கு மேல் திரும்பவில்லை. எல்லாம் மதிப்பீடு. கடைசி எண் வரை சரியாகச் சொல்ல யாராலும் இயலாது.

ஆண்டர்சனின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. பாரிட் சூலோங்கில் காட்டிய வீரத்துக்காக அவருக்குப் பிரிட்டனின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. சிங்கப்பூர் வீழ்ந்தபோது அவரும் கைதியானார். அவரும் இதே இரயில் பாதைக்குத்தான் கொண்டு செல்லப்பட்டார். பர்மா முனையில் கைதிகளுக்குத் தலைமை ஏற்றிருந்தார். நினைவுச் சின்னத்தில் போற்றப்படும் படையின் தலைவரும், அதன்முன் நின்ற எங்கள் அத்தையின் தந்தையும் ஒரே பாதைக்கு மண் வெட்டியவர்கள். அவர் பிழைத்துத் திரும்பி, விவசாயம் செய்தார், நாடாளுமன்ற உறுப்பினருமானார்.

போர் முடிந்த மறுமாதமே, 1945 செப்டம்பரில், கைதிகளின் கல்லறைகளைத் தேடிப் பதின்மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அந்தப் பாதை நெடுகப் புறப்பட்டது. முகாம்களில் அதிகாரிகள் உயிரைப் பணயம் வைத்து எழுதி, மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த குறிப்புகள் அவர்கள் கையில் இருந்தன. 144 இடங்களில் 10,549 கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடிக் கிடைக்காதவை 52 மட்டுமே. அந்த உடல்கள் பின்னர் மூன்று பெரிய கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று காஞ்சனாபுரியில் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு கல். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்னும் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. உடல் கிடைக்காதவர்களின் பெயரும் விடுபடக்கூடாது என்பது அந்த ஆணையத்தின் கொள்கை. ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரின் கிராஞ்சியில், கல்லறை இல்லாத 24,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. மலாயாப் போரில் மறைந்த இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. ஜொகூர் பாருவிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் நாள்தோறும் அதன் அருகில் கடந்து செல்கிறார்கள்.

அந்தக் கொள்கை படைவீரருக்கு உரியது. கூலிக்குப் போனவர் படைவீரர் அல்லர். சொல்லப்போனால் படைக்குள்ளும் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்தவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்கர், ஆசியர் பலரைப் பெயர் சொல்லி நினைவுகூரத் தவறிவிட்டதாக அதே ஆணையம் 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இதை நாம் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. பட்டியல் இருந்தால்தான் கல்லில் பொறிக்க முடியும். ஒரு சிப்பாய் காணாமற்போனால் அவன் பட்டாளத்தின் ஏட்டில் ஓர் இடம் காலியாகும். எங்கள் தாத்தா காணாமற்போனபோது கிராணியின் செக்ரோல் புத்தகத்தில் ஒரு வரி குறைந்தது. அந்தப் புத்தகம் எங்கே போயிற்றோ!

முற்றும் ஒன்றும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காஞ்சனாபுரியில், பேர்பெற்ற அந்த இரயில் பாலத்துக்கு அருகே, 1944-இல் ஜப்பானிய இரயில்வேப் படையினரே இறந்தோருக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். அதைச் சூழ்ந்த சுவரில் பல மொழிப் பலகைகளோடு தமிழ்ப் பலகையும் இருக்கிறது. நம்மவரைச் சாகடித்தவர்களே முதலில் தமிழில் எழுதிவைத்தார்கள் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல், அதே ஊரின் தாவோர்ன் வராராம் புத்த ஆலயத்தில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் நாட்டப்பட்டது. தாய்லாந்துத் தமிழர்களும் மலேசியத் தமிழர்களும் முயன்று, தமிழ்நாட்டு அரசும் உதவி செய்து நிறைவேறிய காரியம். போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவது நம் பழைய வழக்கம். கூலிக்குப் போய்ப் பட்டவனுக்கும் கடைசியில் ஒரு கல் கிடைத்தது. கல்லுக்கு முன்பே எழுத்தும் வந்துவிட்டது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதினார். அ. ரெங்கசாமி இதே பொருளில் எழுதிய நாவலுக்கு வைத்த பெயர் 'நினைவுச் சின்னம்'. ஆனால் நடுகல்லிலும் பெயர்ப் பட்டியல் இல்லை. இருக்க வழியும் இல்லை.

இனி எங்கள் பெரியத்தையிடம் திரும்புவோம்.

ஆற்றங்கரைப் புல்லில் அத்தையை உட்காரவைத்து, பிள்ளைகளில் மூத்தவன் கேட்டான்: 'உங்க அப்பா பேரு என்ன, பாட்டி?' அத்தை சிரித்தார். தன் தாய் அந்தப் பெயரைச் சாகும்வரை சொன்னதில்லை என்றார். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அந்தக் காலத்து முறை. 'இவ அப்பா' என்பார். 'சயாமுக்குப் போனாகளே அவுக' என்பார். தெரிந்த பங்காளிகளும் கூடவே போய்விட்டார்கள். பெயரைச் சொல்லக்கூடிய வாயெல்லாம் சயாமில் போய்விட, வீட்டில் மிஞ்சிய ஒரே வாய் அதைச் சொல்ல மறுத்தது. பன்னிரண்டு வயது வரை அத்தைக்குத் தகப்பன் பெயர் தெரியாது.

பிறகு எப்படித் தெரிந்தது? அவசரகாலத்தில், 1948 முதல், பன்னிரண்டு வயதான எல்லாருக்கும் அடையாள அட்டை எடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அத்தையின் முறை 1953-இல் வந்தது. தோட்டத்து அலுவலகத்தில் கிராணி பிறப்புப் பத்திரத்தைப் பார்த்து உரக்கப் படித்தார். அன்றுதான் காதில் விழுந்ததாம். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்பதுபோல் நின்றாளாம்.

அத்தை சுருக்குப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். நாம் எல்லாரும் வைத்திருக்கும் அட்டைதான். சொந்தப் பெயர், அடுத்து, மகள் என்பதற்கு மலாய் மொழியில் 'அனாக் பெரெம்புவான்' என்பதன் சுருக்கமாக ஏ, பி என இரண்டு எழுத்துகள், அதை அடுத்துத் தந்தை பெயர். கிராணியின் காதில் விழுந்தபடி, ரோமன் எழுத்தில், கொஞ்சம் கோணலாக. பையன் எழுத்துக் கூட்டி மலாய் உச்சரிப்பில் படித்தான். அத்தை திருத்திச் சொன்னார். அவன் மறுபடி சொன்னான். இப்போது சரியாக வந்தது.

அந்த அட்டையில் அந்த மனிதர் இறந்தவராகக் குறிக்கப்படவில்லை. சயாமிலிருந்து சாவுச் சான்றிதழ் எதுவும் வரவில்லை. எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் இருக்கும். தந்தையைச் சயாமுக்குக் கொடுத்த பிள்ளைகளில் இன்று உயிரோடிருப்பவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் காலமாகும்போது அந்த அட்டையை அரசாங்க அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கும்முன் அதிலுள்ள இரண்டாவது பெயரை யாராவது எழுதிக்கொள்கிறோமா?

பையனிடம் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. விடுமுறைப் பயணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவரும்படி ஆசிரியர் சொல்லியிருந்தாராம். அதன் கடைசிப் பக்கத்தில் பெயரை முதலில் தமிழில் எழுதினான். கீழே அட்டையில் உள்ளபடியும் எழுதினான். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான். தமிழ்நாட்டில் எந்த ஊர்? அத்தைக்குத் தெரியவில்லை, சேலம் பக்கம் என்று மட்டும் தெரியும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? அது தெரியும். யாரோடு போனார்? இரண்டு பங்காளிகள், ஒரு மச்சான். அந்த மூன்று பெயரும் அத்தைக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர்கள் பெயரை அம்மா சொல்லலாம். மச்சான் மட்டும் போர் முடிந்து திரும்பி வந்தார். கால் புண்ணோடு ஓராண்டு இருந்து இறந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதையும் எழுதினான்.

'எந்த ஸ்டேஷன்ல ஏத்துனாங்க, பாட்டி?'

'குளுவாங்னுதான் அம்மா சொன்னா. ராத்திரி ரயிலாம். என்னையத் தூக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்தாளாம், உள்ள விடலியாம்.'

'என்ன மாசம்?'

அத்தை யோசித்தார். மாதம் தெரியவில்லை. மழை இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாளாம். பையன் 'குளுவாங், இரவு, மழை இல்லை' என்று எழுதிக்கொண்டான்.